சாதிக்காய்க்குள் இருக்கும் வெண்ணெய்

சாதிக்காய் என்று சொன்னவுடன் திருநெல்வேலிச் சீமையின் பழைய குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது தாம்பூலமும் அன்று, பிரியாணியும் அன்று. கைக்குழந்தைக்காக எடுத்து வைத்திருக்கும் உரைமருந்துப் பெட்டிதான். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு இவற்றோடு ஒரு மூலையில் உருண்டு கிடக்கும் அந்தப் பழுப்பு நிறக் கொட்டையை எடுத்து, தாய்ப்பாலில் ஒரு சொட்டு விட்டு, உரைகல்லில் இரண்டே சுற்றுச் சுற்றிப் பாலாடையில் சேர்த்துப் புகட்டிவிட்டால், வயிற்றுப் பொருமலில் வீறிட்டு அழுத குழந்தை கண் அயரும் என்பது பாட்டிமார்களின் அசையாத நம்பிக்கை. உரைத்து முடித்த பிறகு அந்தக் கல்லைக் கூர்ந்து பார்ப்பவர் அபூர்வம். பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். கடுக்காய் உரைத்த இடம் சற்று நேரத்தில் வறண்டு மண்பூச்சாக நின்றுவிடும். சாதிக்காய் உரைத்த இடமோ மங்கலாக மினுமினுக்கும், விரலை வைத்தால் வழுக்கும், அதன்மேல் தண்ணீரைத் தெளித்தால் பரவாமல் முத்துமுத்தாய் ஒதுங்கி நிற்கும்.

அந்த வழுவழுப்பு அற்பமானதன்று. நன்கு உலர்ந்த சாதிக்காயின் எடையில் 100க்கு 25 முதல் 40 பங்கு வரை கட்டிக் கொழுப்பே நிறைந்திருக்கிறது. எத்தனையோ கப்பல்களைக் கடல் கடக்கச் செய்து, ராஜ்யங்களை ஒன்றோடொன்று மோதவிட்ட அதன் வாசனைத் தைலமோ 5 முதல் 15 பங்குக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கொழுப்பைச் சூடேற்றிப் பிழிந்து ஆறவைத்தால் உறைந்து கிடைப்பதுதான் சாதிக்காய் வெண்ணெய். வாசனையின் கீர்த்தியில் வெண்ணெயின் பெயர் அமுங்கிப் போயிற்று. ஆயினும் இந்த விருட்சம் பிறந்த விதம், அது ஊர்விட்டு ஊர் சென்ற கதை, கடைசியில் நம் குற்றாலத்து மலைச்சரிவில் வந்து வேரூன்றிய காரணம் ஆகிய யாவற்றையும் விளங்கிக்கொள்வதற்கு, வாசனையைத் தொடர்வதைவிட அந்த வெண்ணெயைத் தொடர்வதே நேரான வழி என்பது என் அபிப்பிராயம்.

மரத்தைக் கண்ணால் காணாதவர்களுக்காக அதன் காயைப் பற்றி இரண்டு வார்த்தை. எப்போதும் பசுமையாய், கரும்பச்சை இலைகள் அடர்ந்து, கசக்கினால் மணக்கும் இந்த மரத்தில், எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் காய்கள் தொங்கும். முற்றியதும், ஒரு பக்கம் ஓடியிருக்கும் பள்ளமான கோட்டின் வழியே காய் இரண்டாய்ப் பிளந்துகொள்ளும். பிளவுக்குள் முதலில் கண்ணைப் பறிப்பது இரத்தச் சிவப்பான ஒரு வலைப்பின்னல், அதுதான் சாதிபத்திரி. அதை உரித்தால் கறுத்துப் பளபளக்கும் ஓடு. ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு, அதாவது நாம் கடையில் வாங்கும் சாதிக்காய். இந்தப் பருப்பைப் பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கிப் பார்க்க வேண்டும். கொட்டைப்பாக்கில் காண்பது போலவே வெள்ளையும் பழுப்புமாய் ரேகைகள் நெளிந்து நெளிந்து ஓடுவது தெரியும். மேல்தோலின் உள்ளடுக்கு பருப்புக்குள் மடிந்து மடிந்து புகுந்ததால் உண்டானவை அந்தப் பழுப்புக் கோடுகள். வாசனைத் தைலம் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. கோடுகளுக்கு நடுவே வெளிறித் தெரியும் பாகத்தில் கொழுப்பும் மாவும் சேர்ந்திருக்கின்றன. ஒரே கொட்டைக்குள் இரண்டு பண்டசாலைகள் இப்படிப் பக்கம் பக்கமாய் அமைந்திருப்பதை ஒரு பாக்குவெட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒரு மரம் தன் விதைக்குள் இவ்வளவு கொழுப்பைச் சேர்த்து வைப்பானேன்? சாதிக்காயின் ஜன்மபூமி கிழக்கிந்தியத் தீவுகளின் கோடியில், மொலுக்கஸ் என்னும் வாசனைத் தீவுக் கூட்டத்தில் உள்ள பாண்டாத் தீவுகள். அங்குள்ள மழைக்காட்டில் உயர்ந்த மரங்களின் கவிகைக்குக் கீழே சூரிய வெளிச்சம் துண்டு துண்டாகத்தான் தரையை எட்டும். அந்த இருட்டில் விழும் விதை, வெயிலை நம்பிப் பிழைக்க முடியாது. வேர் விட்டு, தண்டு நீட்டி, முதல் இலைகளை வெளிச்சத்துக்குக் கொண்டு போகிற வரையில் தாய்மரம் கட்டிக்கொடுத்த சோற்றையே தின்று வளர வேண்டும். மாவைக் காட்டிலும் கொழுப்பில், எடைக்கு எடை, இரண்டு மடங்குக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது. ஆகவே காட்டின் நிழலில் பிறக்கும் பல மரங்களின் விதைகள் கனத்தும் கொழுத்தும் இருக்கின்றன. அமேசான் காட்டுக் கொக்கோவின் விதையில் பாதிக்குப் பாதி வெண்ணெய்தான்; சாக்லேட் நாவில் கரைவது அதனாலேயே. கொங்கணத்து மலைகளில் விளையும் கோகம் விதையிலிருந்தும் கட்டி வெண்ணெய் எடுக்கிறார்கள்.

வெண்ணெய் தரும் மரம் நம் சமவெளிக்கும் புதியதன்று என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாண்டிய நாட்டுக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாய் விளக்கெரித்த இலுப்பை எண்ணெய், உண்மையில் பாதி எண்ணெய், பாதி வெண்ணெய். குளிர்காலத்து விடியலில் அது ஜாடியிலேயே உறைந்து நிற்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று அதன் பூவுக்குப் பழமொழி சொல்லி வைத்த நம்மவர்கள், கொட்டைக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பக்கிருகத்தில் வெளிச்சம் கொடுத்தது கொட்டைதான்.

மழைக்காட்டு விதைக்கு இன்னொரு ஸ்வபாவமும் உண்டு. நெல்லைப் போல, கேழ்வரகைப் போலப் பத்தாயத்தில் உலர்த்தி வைத்து அடுத்த பருவத்தில் விதைக்க அது இடம் கொடாது. வருஷம் முழுவதும் ஈரம் காயாத நிலத்தில் பிறந்ததனால், காத்திருக்கும் வித்தையை அது கற்கவே இல்லை. மரத்திலிருந்து எடுத்த சாதிக்காயைப் பத்து நாள் போல உலரவிட்டால் முளைக்கும் திறனை இழந்துவிடும். அடுக்களையில் உள்ள சாதிக்காயை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றி ஏமாந்த சிறுவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேரோ!

உலக சரித்திரத்தில் இந்தச் சிறு விஷயம் பெரிய வேலை செய்திருக்கிறது. ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் நம் தேசத்திலும் பல நூற்றாண்டுக் காலம் சாதிக்காய் விலைபோயிற்று. நம் பழைய உரையாசிரியர்கள் தாம்பூலத்துக்குரிய ஐந்து முகவாசங்களில் அதையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அது விளைந்தது பாண்டாவின் சில தீவுகளில் மட்டுமே. விலைக்கு வாங்கியவன் கையில் இருந்தது உயிரற்ற கொட்டை. இந்த ஏகபோகத்தை நிரந்தரமாக்கிக்கொள்ள எண்ணிய டச்சுக்காரர்கள், 1621ஆம் ஆண்டில் யான் பீட்டர்சூன் கூன் என்னும் கவர்னர் ஜெனரலின் தலைமையில் பாண்டாவைப் பிடித்துச் செய்த காரியம் எழுதக் கூசுகிறது. சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தீவுகளில், கொலைக்கும் பட்டினிக்கும் நாடு கடத்தலுக்கும் தப்பி எஞ்சியவர் ஆயிரம் பேர் அளவிலேயே இருந்தார்கள். பிறகு அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்களை நடத்தினார்கள். பூச்சி அரிக்காமலும், எங்கேனும் முளைத்துவிடாமலும் இருக்கவேண்டுமென்று சாதிக்காயைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்து விற்றார்கள். 1667இல் பிரேடா நகரத்து உடன்படிக்கையின்போது, ரூன் என்கிற பாண்டாத் தீவொன்று தங்களிடம் இருப்பதற்காக, இன்றைய நியூயார்க் நகரத்தின் நடுப்பகுதியாகிய மன்ஹாட்டனை ஆங்கிலேயர் வசம் விட்டுக்கொடுத்தார்கள்.

இத்தனை காவலையும் மீறியவை காட்டுப் புறாக்கள். சாதிபத்திரியின் கொழுப்புச் சத்துக்காக விதையை முழுசாக விழுங்கிவிட்டு, அண்டைத் தீவுகளுக்குப் பறந்து போய்க் கொட்டையை ஈரம் மாறாமல் போட்டுவிடும் அந்தப் பறவைகளை டச்சுக் கம்பெனி எந்தச் சட்டம் போட்டுத் தடுக்கும்? மனிதர்களில் அந்த வேலையை முதலில் ஜெயமாகச் செய்து முடித்தவர் பியேர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சுக்காரர். 1770இல் அவருடைய ஏற்பாட்டின்படி உயிருள்ள விதைகளும் கன்றுகளும் மொரீஷியஸ் தீவுக்கு வந்து சேர்ந்தன. கடத்தப்பட்டது வாசனைச் சரக்கு அன்று, வாசனைச் சரக்கை நாம் எப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். கடத்தப்பட்டது, அந்தக் கொழுப்பு இன்னும் உயிரோடிருந்த விதை.

குற்றாலத்துக்கு அது வந்த வழி வேறு. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சியின் பின் ஹாலந்து தேசம் பிரான்ஸின் கைக்குள் போனதும், கிழக்கே உள்ள டச்சுத் தீவுகளைப் பிடிக்கப் பீட்டர் ரெய்னியர் என்னும் ஆங்கில அட்மிரல் சென்னையிலிருந்து கப்பல்களோடு புறப்பட்டார். 1796 மார்ச் மாதத்தில் பாண்டா அவர் வசமாயிற்று. உடனே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவர நிபுணரை அங்கே அனுப்பி, சாதிக்காய், கிராம்புக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் சேகரிக்கச் செய்து, பினாங்குக்கும் இந்தியாவுக்கும் கப்பலேற்றியது. தீவுகள் சமாதான உடன்படிக்கையினால் மறுபடியும் டச்சுக்காரர் கைக்குப் போயின, கன்றுகள் திரும்பவில்லை. அந்தக் காலத்தை ஒட்டித்தான் குற்றாலத்து மலையடிவாரத்தில் கம்பெனியார் வாசனைப் பயிர்த் தோட்டங்களை ஏற்படுத்தி, சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை முதலியவற்றை வைத்துப் பயிர் செய்யத் தொடங்கினார்கள்.

அவர்கள் இடம் பார்த்த சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாமிரபரணிச் சமவெளியில் நின்று பார்ப்பவனுக்குத் திருநெல்வேலி மழைக்கு ஏங்கும் பூமி. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதே அதற்கு ஆண்டு முழுமைக்கும் மழை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப்புறமே இறக்கி வைத்துக்கொண்டு, இந்தப்புறத்துக்கு வெறுங்காற்றை அனுப்பிவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் என்று ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. அந்த வாசலின் வழியே ஆனி, ஆடி மாதங்களில் ஈரக்காற்று தப்பி உள்ளே நுழைந்து, குற்றாலத்தின் மேல் சாரலாகத் தூவுகிறது. மறுபடி ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் அதற்குக் கிடைக்கிறது. இரண்டு மழையையும் வாங்கிக்கொள்ளும் நிலம், பேரருவிக்குத் தண்ணீர் தரும் சிற்றாற்றின் ஈரம், பெருங்காற்றை மறைக்கும் மலைமடிப்பு, நிழல் மரங்கள் ஆகியவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, பாண்டாவை விட்டு வந்த கன்றுக்கு அந்நியம் தோன்றாதபடி குற்றாலம் அமைந்திருந்தது. அதே சிற்றாறு தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும்போது, கரையில் பனையும் கருவேலும் நிற்கின்றன. ஒரே நதியின் தலைமாட்டில் சாதிக்காயும் கால்மாட்டில் பனையும்.

1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் ராணுவ வைத்தியராக இருந்த ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூல்களுக்காகக் குற்றாலத்து மலைகளில் அலைந்து திரிந்து செடிகொடிகளைச் சேகரித்தவர். அவருக்காகச் சித்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்கிற இந்த நாட்டு ஓவியர்கள். கம்பெனித் தோட்டங்கள் பிற்பாடு தனியார் கைகளுக்கு மாறின. மங்குஸ்தானும் துரியனும் ரம்புட்டானும் வந்து சேர்ந்தன. தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டம் குற்றாலத்தில் இன்றும் இருக்கிறது. அதனை ஒட்டி விழும் அருவிக்கே பழத்தோட்ட அருவி என்று பெயராகிவிட்டது. 2019 முதல் குற்றாலம் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், சாரலுக்குப் போகும் திருநெல்வேலிக்காரர்கள் அந்தப் பிரிவினையை இன்னும் மனத்தில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. சீசனில் அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தானுக்கு மொய்க்கும் கூட்டம், பக்கத்தில் சின்னக் குவியலாய் இருக்கும் சாதிக்காயைத் திரும்பிப் பார்ப்பது குறைவு.

இந்த மரத்தை வளர்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும். நம் பனையைப் போலச் சாதிக்காயிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையிலிருந்து வளர்ந்த கன்று இன்னதென்று அது பூக்கும் வரையில், அதாவது ஆறு முதல் எட்டு வருஷம் வரையில், பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது. நட்டவற்றில் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போய்விடும். பத்துப் பெண்மரங்களுக்கு ஓர் ஆண்மரம் போதுமாதலால், மீதி ஆண்களை வெட்டிச் சாய்க்க வேண்டியதுதான். எட்டு வருஷம் தண்ணீர் விட்டவன் கையாலேயே அதைச் செய்ய வேண்டியிருப்பது கொடுமை. இந்தத் தொல்லைக்குப் பரிகாரம் ஒட்டுக்கன்று. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நேர் மேலே வளரும் தண்டிலிருந்து எடுத்த ஒட்டு மரமாக நிமிரும். பக்கவாட்டுக் கிளையிலிருந்து எடுத்தது ஆயுசுக்கும் பக்கவாட்டிலேயே படர்ந்து, புதராக நின்றுவிடும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் விஸ்வஸ்ரீ என்ற ரகத்தை ஒட்டுக்கன்றாகவே பரப்பி வருகிறது.

இனி வெண்ணெய்க்கு வருவோம். காய் பிளந்ததும் பொறுக்கி, சாதிபத்திரியை உடையாமல் உரித்துத் தனியே காயவைப்பார்கள். இரத்தச் சிவப்பு நாளடைவில் மங்கி ஆரஞ்சு மஞ்சளாகிவிடும். கொட்டையை ஓட்டோடு நான்கு முதல் எட்டு வாரம் வரை மெள்ள உலர்த்த வேண்டும். உள்ளே பருப்புச் சுருங்கி ஓட்டை விட்டு விலகி, குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும்போதுதான் பக்குவம். அவசரப்பட்டு உச்சிவெயிலில் பரப்பினால் காரியம் கெட்டுவிடும். சூடு 45 பாகையைத் தாண்டினால் உள்ளிருக்கும் வெண்ணெய் உருகத் தொடங்கி, பருப்பின் மேல் கசிந்து, வாசனையையும் கொண்டு போய்விடும். சித்திரை மாதத்துத் திருநெல்வேலி மொட்டை மாடியின் தளத்தில் மதியம் கால் வைத்தவர்களுக்கு இது ஏன் ஆபத்தென்று சொல்ல வேண்டியதில்லை. வற்றல் போடும் மாடி சாதிக்காய்க்கு உதவாது.

வெண்ணெய் எடுப்பதற்கு நல்ல சாதிக்காயை யாரும் பலியிடுவதில்லை. சுருங்கியவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை ஆகிய கழிவுச் சரக்கே போதும். அவற்றை இடித்துத் தூளாக்கி, துணியில் கட்டி ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சூடான தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழிவார்கள். செம்மஞ்சளாய் வழியும் திரவம் ஆறும்போது உறைந்து, பழுப்பும் ஆரஞ்சும் கலந்து, இடையிடையே வெண்மையான படிகங்கள் திட்டுத்திட்டாய்த் தெரிய நிற்கும். பழுப்புக் கோடுகளில் இருந்த தைலமும் கொஞ்சம் கூடவே வந்துவிடுவதால் அது கமகமவென்று மணக்கும். பாண்டாவில் இதை ஏறத்தாழ 10 அங்குல நீளமும் 2½ அங்குல அகலமும் உள்ள கட்டிகளாக வார்த்து, பனைவகை ஓலையில் சுற்றி ஏற்றுமதி செய்தார்கள். ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அதற்குப் பாண்டா சோப்பு என்று பெயர் வழங்கிற்று. பார்வைக்குச் சோப்புக் கட்டி போலிருந்ததால் வந்த பெயரே ஒழிய, அதைப் போட்டு யாரும் குளித்ததில்லை. வாதவலிக்கும் பிடிப்புக்கும் பூசுகிற களிம்புகளில் சேர்த்தார்கள்.

எண்ணெய்களுக்குள் இந்த வெண்ணெய் எவ்வளவு கட்டியானது என்பதை நம் வீட்டுத் தேங்காயெண்ணெயைக் கொண்டே அளந்து பார்க்கலாம். தேங்காயெண்ணெய் 24 பாகை அளவிலேயே உருகுவதால் மார்கழி விடியலில் மட்டும் உறைகிறது. கொக்கோ வெண்ணெய் 34 பாகையில், நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகுகிறது. சாதிக்காய் வெண்ணெயோ 45 முதல் 51 பாகை வரை தாங்கும்; அக்கினி நட்சத்திரத்திலும் அலமாரியில் கட்டியாகவே இருக்கும். இதன் காரணத்தை ஆராய்ந்து கண்டவர் லயன் பிளேஃபேர். காசிக்கு அருகே கங்கைக் கரையில் உள்ள சுனார் என்னும் ஊரில் பிறந்து, பிரிட்டனுக்குச் சென்று ரசாயன சாஸ்திரியாகப் புகழ்பெற்ற அவர், 1841இல் சாதிக்காய் வெண்ணெயிலிருந்து மிரிஸ்டிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைப் பிரித்தெடுத்தார். கரி அணுக்கள் பதினான்கு வளைவின்றி ஒரே சங்கிலியாய்க் கோத்த அமிலம் அது. அத்தகைய சங்கிலிகள் மூன்று கிளிசரினோடு சேர்ந்தால் டிரைமிரிஸ்டின்; சாதிக்காய் வெண்ணெயில் ஏறக்குறைய முக்காற்பங்கு அதுவே. நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் கட்டி எளிதில் உருகுவதில்லை. இயற்கையில் ஒரே வகைக் கொழுப்பு இவ்வளவு கலப்பில்லாமல் கிடைப்பது அபூர்வமாதலால், உலகமெங்கும் கல்லூரி ரசாயனசாலைகளில் மாணவர்கள் முதன்முதலாகக் கொழுப்பைப் பிரித்துப் பழகுவதற்குச் சாதிக்காய்த் தூளைக் கொடுப்பது வழக்கமாயிருக்கிறது.

பிளேஃபேரின் கண்டுபிடிப்பால் சாதிக்காய்க்கு யோகம் அடித்திருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. அதே அமிலம் தேங்காயெண்ணெயிலும் எண்ணெய்ப்பனை விதை எண்ணெயிலும் இருப்பது தெரிந்துவிட்டது. தேங்காயெண்ணெயில் 100க்கு 18 பங்கு அளவில் உண்டு. விலை மலிந்த தேங்காய் இருக்கும்போது சாதிக்காயைப் பிழிபவன் யார்? இன்று முகப்பூச்சுக் களிம்புகளிலும் சோப்புகளிலும் மிரிஸ்டிக் என்று சாதிக்காயின் பெயர் கொண்ட ரசாயனப் பொருள்கள் ஏராளமாய்ச் சேருகின்றன. சேருவது தென்னையின் சரக்கு. பெயரை ஒருவனும் பிழைப்பை ஒருவனும் கொண்டு போவது மனிதர்களிடத்தில் மட்டும் நடப்பதன்று போலும். உண்மையான சாதிக்காய் வெண்ணெய் வாசனைத் திரவியங்களுக்கும் வலி மருந்துகளுக்கும் கொஞ்சம் போகிறது. கேரளத்தில் கொச்சியைச் சுற்றியுள்ள ஆலைகள், கழிவுச் சாதிக்காயிலிருந்து வாசனையும் கொழுப்பும் சேர்ந்த சாறாகவே இறக்கி, உணவுத் தொழிலுக்கு விற்கின்றன.

வெண்ணெய் என்று சொல்வதால் யாரும் தோசைக்குத் தடவிப் பார்க்க வேண்டாம். சாதிக்காயின் தைலத்தில் மிரிஸ்டிசின் முதலான பொருள்கள் இருக்கின்றன. ஒரு சிட்டிகை சமையலுக்கு மணம். ஐந்தாறு கிராமுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, சித்தம் கலங்கிப் போகும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு உரைமருந்தே வேண்டாமென்று இக்காலத்துக் குழந்தை வைத்தியர்கள் வற்புறுத்துவதை, பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும், நான் ஆதரிக்கிறேன்.

சாதிக்காய் குற்றாலத்துக்கு வந்தேறி என்றாலும், அதன் பங்காளிகள் நம் மலையில் ஆதிகாலத்திலிருந்தே குடியிருப்பவர்கள். தாமிரபரணியும் மணிமுத்தாறும் ஊற்றெடுக்கும் களக்காடு-முண்டந்துறைக் காட்டில், மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, கோதையாறு பக்கத்து மழைச்சோலைகளில் காட்டுச் சாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. கடைச் சரக்கின் மணம் இவற்றுக்கு இல்லை. பருப்பில் கொழுப்பு மட்டும் உண்டு. பிளந்த காயில் தெரியும் சிவந்த பத்திரிக்காக இருவாட்சியும் மலைப்புறாவும் வந்து, கொட்டையோடு விழுங்கிப் பறந்து போய், பத்திரி கரைந்ததும் கொட்டையைக் கக்கிவிடுகின்றன. பாண்டாவில் டச்சுக்காரரைத் தோற்கடித்த அதே வேலையை, பொதிகை மலையின் பறவைகள் யாருடைய பகையும் இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் குளத்துப்புழைப் பக்கம் இறங்கினால் இன்னொரு விசித்திரம். சதுப்பு நிலத்தில் தேங்கிய நீரில் காட்டுச் சாதிக்காய் இனங்கள் தோப்பாக நின்று, மூச்சு விடுவதற்காக வேர்களை முழங்கால் மடக்கியது போல் நீருக்கு மேலே வளைத்து நீட்டியிருக்கின்றன. நெல்வயலாகவும் தோட்டமாகவும் திருத்தப்பட்டுப் போனவை போக, இத்தகைய சதுப்புக்காடுகள் இப்போது துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கின்றன.

பயிர்ச் சாதிக்காயின் உலகமோ இன்று வெகுவாய் விரிந்துவிட்டது. 1843இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய கிரெனடாவுக்குப் போன கன்று அந்நாட்டின் ஜீவனமாகவே ஆகி, 1974இல் சுதந்திரம் பெற்றபோது கொடியிலும் ஏறியது. 2004இல் ஐவன் புயல் ஆழமாய் வேரோடாத அந்த மரங்களில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் சாய்த்துவிட்டது. இந்தியாவில் மிகுதியாய் விளைவது கேரளத்தில். தமிழ்நாட்டில் ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் கன்னியாகுமரி மலைத் தோட்டங்களிலும் ஊடுபயிராக வைத்திருக்கிறார்கள்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் யாரேனும் இதை வைத்துப் பார்க்க விரும்பினால், நான்கு தென்னைகளுக்கு நடுவே சம தூரத்தில் வரும் இடமே கன்றுக்கு உகந்தது. மேலே நிழல், கீழே மட்கிய தழை, கோடையில் தவறாத தண்ணீர் மூன்றும் வேண்டும். தண்ணீர் தேங்கவும் கூடாது. கன்று வாங்கும்போது, மேல்நோக்கிய தண்டிலிருந்து எடுத்த பெண் ஒட்டுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பத்துக்கு ஒன்று ஆண் ஒட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதை போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள், காய் பிளந்த அன்றே பத்திரியை உரித்துவிட்டு ஈர மணலில் ஊன்றட்டும். முளை தலைகாட்ட இரண்டு மூன்று மாதம் கூட ஆகலாம். அதுவரை மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், உள்ளே இருக்கும் வெண்ணெய் மற்றதைக் கவனித்துக்கொள்ளும்.